எதற்கென்று எழுதாத வாழ்த்து

பண்டிகை எங்கிருந்து வந்தது என்று ஆராய்கிறவர்கள் எல்லாருக்கும் வாரத்தில் ஒரு நாளாவது லீவு இருக்கிறது. மூட்டை தூக்குகிறவன் எவனும் தீபாவளிக்கு வேர் தேடிப் போனதை நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகப் படுத்துக் கிடக்கலாம், அதற்கு மேல் அவனுக்கு அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

நான் வேலை பார்ப்பது கப்பலூரில் ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனி. தீபாவளிக்கு ஸ்வீட் பெட்டி, கிறிஸ்துமஸுக்குக் கேக் பெட்டி, நோன்பு மாதத்தில் பேரீச்சம்பழப் பெட்டி, கோரிப்பாளையம் தர்கா சந்தனக்கூட்டுக்குப் பிரியாணிப் பெட்டி. எந்தச் சாமிக்கு விசேஷம் வந்தாலும் எங்கள் முதலாளிகளுக்கு முகம் மலரும், எங்களுக்கு இடுப்பு ஒடியும். அட்டையை வெட்டி மடிப்புத் தடம் போடுகிற பஞ்சிங் மிஷினில் நான் நிற்கிறேன். நிற்கிறேன் என்றால் நிற்பதுதான். உட்கார அங்கே ஒன்றும் கிடையாது.

முதலாளிகள் அண்ணன் தம்பி இரண்டு பேர். பெரியவர் சூரியபிரகாஷ். மஞ்சள் காமாலை வந்து பிழைத்தவர், பிழைத்த கையோடு ஒரு சின்ன சபையில் சேர்ந்தார். மளிகைக் கடை மாடியில் நடக்கிற சபை அது. அங்கே சிலுவை இல்லை, மணி இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை. எல்லாம் விக்கிரகக்காரர்களிடமிருந்து வந்த அசுத்தமாம். பெரியவர் முதல் வேலையாகத் தன் பெயரிலிருந்த சூரியனை வெட்டி எறிந்துவிட்டு வெறும் பிரகாஷ் ஆனார். கம்பெனி போர்டுக்குப் பெயிண்ட் அடித்தவன் பழைய பெயரைச் சரியாக அழிக்கவில்லை. வெயில் ஏறினால் சூரியன் அடியிலிருந்து எட்டிப் பார்க்கும்.

சின்னவர் அசோக்குமார். அண்ணன் அந்தப் பக்கம் போனதும் இவர் இந்தப் பக்கம் போனார். அதுவரைக்கும் நெற்றியில் ஒன்றும் வைக்காத மனிதர், இப்போது குங்குமத்தை அள்ளி அப்பிக்கொண்டு வந்தார். மேலூர்ப் பக்கம் அவருக்குத் தோப்பு இருக்கிறது. அங்கே ஒன்றியத் தேர்தலில் நிற்க வேண்டும் என்று ஆசையும் இருக்கிறது. தோப்பில் காய்க்கிறதோ இல்லையோ, ஆசை காய்த்துத் தொங்கியது.

ஒரு நாள் டீ நேரத்தில் இரண்டு பேரும் எங்கள் முன்னாலேயே ஆரம்பித்தார்கள்.

"டேய், டிசம்பர் இருபத்தஞ்சு ரோமாபுரிக்காரன் சூரியனுக்குக் கொண்டாடுன நாளுடா. பைபிள்ல தேதி எங்க இருக்கு? காட்டு பாப்போம்" என்றார் பெரியவர்.

"அதத்தாண்ணே நானும் சொல்றேன். அம்புட்டும் களவாண்டது. மரம் அவனுது இல்ல. நட்சத்திரம் அவனுது இல்ல. இங்க வந்து கொடியேத்தம், தேரு, மொட்டை எல்லாத்தையும் நம்மகிட்ட இருந்து தூக்கிட்டுப் போயிட்டான்."

"நீ மட்டும் என்ன? தீபாவளியே சமணங்ககிட்ட இருந்து எடுத்ததுன்னு எழுதியிருக்கான்."

"எவன் எழுதுனான்?"

"போன்ல வந்துச்சு."

"என் போன்லயும்தான் அம்புட்டும் வந்துச்சு!"

இரண்டு பேரும் போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அன்று சாயங்காலம், சுவரில் தொங்கிய காலண்டரில் பெரியவர் பொங்கலையும் ஆயுத பூஜையையும் தீபாவளியையும் அடித்தார். பொங்கல் சூரியனுக்குப் படைப்பதாம், ஆயுத பூஜை இரும்புக்குப் படைப்பதாம். அடுத்த நாள் சின்னவர் வந்து புனித வெள்ளியையும் ரம்ஜானையும் அடித்தார். கிறிஸ்துமஸை இரண்டு பேருமே அடித்திருந்தார்கள், அதில் காகிதமே கிழிந்துபோயிருந்தது. எங்களுக்கு மிஞ்சியது சுதந்திர தினம். அன்றைக்கும் கொடியேற்ற வரச் சொல்லி, வந்தவர்களை அப்படியே லோடு ஏற்ற வைத்துவிட்டார்கள்.

அண்ணன் தம்பி இத்தனை ஒற்றுமையாக வேறு எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

இதை எல்லாம் நான் சிரித்துவிட்டுத் தள்ளியிருப்பேன். ஆனால் என் மகள் பாண்டீஸ்வரி அந்த வருஷம் கல்யாணமாகிப் போயிருந்தாள். மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தபோது அங்கேயே வேலை பார்த்த சகாயராஜை அவளுக்குப் பிடித்துப்போனது. அவனுக்கு மேலூருக்கு அந்தப் பக்கம், கிறிஸ்தவர்களே இருக்கிற ஒரு வேதக்கார ஊர். நல்ல பையன். அதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை, என் மனைவி முத்துத்தாய் மூச்சுவிடாமல் விசாரித்தாள்.

டிசம்பர் பிறந்ததும் சம்பந்தி சவேரியம்மாள் போன் போட்டார்.

"அண்ணே, தலைக் கிறிஸ்துமஸ் வருது. சீரு கொண்டாந்துருங்க."

"கிறிஸ்துமஸ் சீருன்னா என்னம்மா? கேக்கா?"

"கேக்க யாரு தின்பா! புதுப் பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள், கரும்பு. கோயிலு முன்னாடி பொங்க வைப்போம். பொண்ணோட அப்பாதான் பானைய சொமந்தாந்து மொதக் கை அரிசி போடணும். அப்பா வராட்டி அந்தப் பானைய ஏத்த மாட்டாங்க. போன வருசம் ஒரு பொண்ணு பானை ஓரமாவே கிடந்துச்சு. பாவம், இன்னும் சொல்லிக்காட்டுறாளுக."

"அது பொங்கல் இல்லியாம்மா?"

"பொங்கலுக்குத் தனியா வைப்போம். அதுக்கும் வாங்க."

முத்துத்தாய் போனைப் பிடுங்கி, "வாரோம், வாராம எங்க போறாரு" என்று முடித்துவிட்டாள். அடுத்த வாரமே வெண்கலப் பானை வந்துவிட்டது. மஞ்சள் கொத்து இன்னும் சந்தைக்கு வரவில்லை என்று விரலி மஞ்சளை நூலில் கோத்து வைத்தாள்.

"அந்தப் பிள்ள அந்நிய ஊட்ல நிக்கிது. பானை ஓரமாக் கிடந்துச்சுன்னா அதோட மொகத்த நான் எப்படிப் பாக்குறது? லீவக் கேளுய்யா."

கேட்டேன்.

பெரியவர் நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பரிதாபப்படுவது அவருக்குப் புதிதாக வந்த பழக்கம்.

"சங்கிலி, கிறிஸ்துமஸ்னு ஒண்ணு கெடையவே கெடையாது. மேய்ப்பருங்க ராத்திரி வயக்காட்டுல கெடந்தாங்கன்னு போட்டிருக்கு. டிசம்பர் குளிர்ல எவன்யா வயக்காட்டுல கெடப்பான்?"

"நான் கெடந்திருக்கேன் மொதலாளி. நெல்லுக் காவலுக்கு."

"அது வேற. இல்லாத பண்டிகைக்கு லீவு குடுத்தா நான் பாவத்துக்குத் துணை போன மாதிரி."

"பண்டிகைக்கு வேணாம் மொதலாளி. மகளப் பாக்கப் போறேன்னு வச்சுக்கங்க."

"பாக்குறதுன்னா இருபத்தாறாந் தேதி பாரு."

இருபத்தாறாம் தேதி பானை எதற்கு? சின்னவரிடம் போய்ப் பானை விஷயத்தைச் சொன்னேன். அவர் போனில் யாரோ பேசுகிற வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நிறுத்தாமலே கேட்டார்.

"யோவ், நீ யாரு?"

"சங்கிலி மொதலாளி."

"பேரக் கேக்கல. உங்க குலசாமி எது?"

"உசிலம்பட்டிப் பக்கம், கருப்பன்."

"கருப்பனக் கும்புடுறவனுக்குக் கிறிஸ்துமஸ்ல என்னய்யா சோலி? அவங்க நம்ம பானையத் தூக்கிக்கிட்டாங்க, நம்ம பொங்கலத் தூக்கிக்கிட்டாங்க, இப்ப உன் பொண்ணையும் தூக்கிக்கிட்டாங்க. நீ சீரு வேற சொமந்துக்கிட்டுப் போறியா? வெக்கமா இல்ல?"

எனக்கு வெட்கம் வரவில்லை. அவர் காலில் போட்டிருந்த செருப்பு வந்தது நினைவுக்கு, அதைக் கழற்றி என்ன செய்யலாம் என்பதும் வந்தது. மிஷினுக்குத் திரும்பினேன்.

ஒருவருக்கு அந்தப் பண்டிகை போதுமான அளவு கிறிஸ்தவப் பண்டிகை இல்லை. இன்னொருவருக்கு அது தேவைக்கு மேல் கிறிஸ்தவப் பண்டிகை. நடுவில் என் மகள் பானை.

அந்த வாரத்தில் குட்டியானை வண்டி ஓட்டுகிற வீரணன் ஒரு சேதி கொண்டுவந்தான். வீரணனுக்கு வாயில் வெற்றிலையும் சேதியும் எப்போதும் இருக்கும்.

"மாப்ள, உன் சம்பந்தி ஊருக்கு லோடு இருக்கு. இருபத்தஞ்சாந் தேதி காலைல. பிரியாணிப் பெட்டி."

"யாரு ஆர்டரு?"

"ஆர்டரா? சின்னவரு ஓசியா குடுக்குறாரு. கிறிஸ்துமஸ் அன்னிக்குக் கோயில்ல ஊருக்கே சாப்பாடு போடுறாங்கள்ல. அம்புட்டும் ஓட்டு மாப்ள. சிறப்பு விருந்தினரே அவருதான். பொன்னாடை போத்துறாங்களாம்."

நான் மிஷினை நிறுத்திவிட்டேன். நிறுத்தக் கூடாது, ஆனால் நிறுத்திவிட்டேன்.

"இந்த மனுசந்தான்டா எனக்கு வெக்கமா இல்லையான்னு கேட்டாரு."

"அவரு உன்னத்தான மாப்ள கேட்டாரு. தன்னையா கேட்டாரு?"

பெட்டியில் என்ன அச்சடிப்பது என்பதில் அண்ணனும் தம்பியும் கடைசி நாள் சாயங்காலம் வரை முட்டிக்கொண்டார்கள். நட்சத்திரமோ மணியோ கிறிஸ்துமஸ் என்ற சொல்லோ இருந்தால் தன் மிஷினில் ஓட்டவே கூடாது என்றார் பெரியவர். விக்கிரகத்துக்குத் துணை போக மாட்டாராம். கேக் பெட்டியில் இத்தனை வருஷமும் நட்சத்திரம் ஓடியதே என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது வியாபாரம் என்றிருப்பார். சின்னவருக்கும் அந்தச் சொல் வேண்டாம்தான். அவருடைய ஆட்கள் யாராவது பெட்டியைப் படமெடுத்துப் போட்டுவிட்டால் பொழப்பு நாறிவிடும். ஆனால் தன் படம் மட்டும் இருந்தாக வேண்டும். கடைசியில் பெட்டி இப்படி வந்தது: மேல் மூடி முழுக்கச் சின்னவரின் முகம், பல் தெரியச் சிரிப்பு, கை கூப்பல். கீழே 'நல்வாழ்த்துகளுடன், அசோக்குமார்'.

நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டக் கற்றவன் நான். ஒரு வரிக்கு மற்றவர்களைவிட நேரம் ஆகும். ஏதாவது சொல்லை விட்டுவிட்டேனோ என்று மறுபடியும் படித்தேன். விடவில்லை. எதற்கு வாழ்த்து என்று அதில் எழுதவே இல்லை.

இருபத்தைந்தாம் தேதி காலையில் ஏற்றி இறக்க ஆள் வேண்டும் என்று வீரணன் பெரியவரிடம் என் பெயரைச் சொன்னான். "லீவு இல்லல்ல, அப்ப வேலைக்கு வரட்டும்" என்றாராம் பெரியவர். "இறக்குன ஒடனே வண்டி திரும்பணும். வேற லோடு கெடக்கு."

முத்துத்தாய் முந்தின நாளே துணிமணியோடு பஸ் ஏறிப் போய்விட்டாள். நான் பானையைச் சாக்கில் சுற்றிப் பெட்டிக் கட்டுகளுக்கு நடுவில் வைத்தேன். கரும்பை வண்டியின் மேல் கட்டினோம். ரிங் ரோட்டில் சிணுசிணுவென்று தூறல் பிடித்தது. ஒத்தக்கடை தாண்டியதும் வலுத்தது. பெட்டிக்குத் தார்ப்பாய் இருந்தது. எனக்கு இல்லை.

"வேலைக்கும் போற, விசேசத்துக்கும் போற. பெரியவருக்குத் தெரிஞ்சா இத ஓவர்டைம்னு சொல்லி உங்கிட்டயே பிடிப்பாரு" என்றான் வீரணன்.

ஊர்க் கோயிலுக்கு முன்னால் கொட்டகை போட்டிருந்தார்கள். பூசை முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. கொட்டகையின் முகப்பில் பிளாஸ்டிக் நாற்காலி, அதில் சின்னவர். நெற்றியில் குங்குமத்தைக் காணோம். இருந்த இடம் மட்டும் தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்தது. தோளில் பொன்னாடை.

நான் அழுக்குப் பனியனோடு பெட்டிக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அவருக்கு முன்னாலேயே நடந்தேன். முதல் நடைக்கு என்னைத் தெரியாத மாதிரி இருந்தார். அடுத்த நடைக்கு என் தலையில் பானை இருந்தது.

"யோவ் சங்கிலி, இங்க எங்க?"

"லோடு இறக்க வந்தேன் மொதலாளி. நீங்க?"

அவர் பக்கத்தில் பூசை வைத்த சாமியார் வெள்ளை அங்கியோடு உட்கார்ந்திருந்தார். சின்னவர் சிரித்தார். பெட்டியில் இருந்த அதே சிரிப்பு.

வரிசையாகக் கல் கூட்டி வைத்திருந்தார்கள். அந்த வருஷம் கல்யாணமான பெண்கள் ஆறு பேர், ஒவ்வொருத்தியும் தன் அடுப்புக்குப் பின்னால். பாண்டீஸ்வரி கடைசியில் நின்றாள். அவள் அடுப்பில் மட்டும் பானை இல்லை. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகையை மறைக்க அவளுக்கு வேறு வழி தெரியாது, சின்னப் பிள்ளையிலிருந்தே.

"இப்பத்தான் வர்ற? அந்த அம்மா அடுப்பக் கலைக்கலாமான்னு கேட்டுட்டுப் போகுது" என்றாள்.

"எந்த அம்மா?"

"எங்க அத்த இல்ல. எங்க அத்தைக்கு ஆகாத அம்மா."

பானையை வைத்தேன். முத்துத்தாய் மஞ்சளைச் சுற்றினாள். சம்பந்தி மரியசூசை, சவேரியம்மாளின் வீட்டுக்காரர், குடிசை மாதிரி போட்டிருந்த குடிலுக்குள் கையை விட்டு வைக்கோலை இழுத்து வந்தார். குழந்தை ஏசுவுக்கு அடியில் போட்ட வைக்கோலில்தான் அந்த ஊரில் அடுப்புப் பற்றவைப்பார்களாம்.

"இது எப்பருந்து மாமா பழக்கம்?" என்று வீரணன் கேட்டுவைத்தான்.

"யாருக்குத் தெரியும்? எங்க பாட்டன் செஞ்சாரு. நடுவுல ஒரு சாமியாரு வந்து இதெல்லாம் வேதத்துல இல்லன்னு நிறுத்தப் பாத்தாரு. மாறுதலாகிப் போயிட்டாரு. பானை இங்கதான் இருக்கு."

இதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை என்று நினைத்தேன். ஆனால் வைக்கோல் பற்றவில்லை. குடிலின் கூரை ஒழுகி, வைக்கோல் மொத்தமும் சதசதவென்று ஊறிக் கிடந்தது. விறகும் ஈரம். தீக்குச்சிகள் சீறிச் சீறி அணைந்தன. ஆறு அடுப்பிலும் புகை மட்டும். அடுப்பைக் கலைக்கக் கேட்ட அம்மா தூரத்தில் நின்று, "வெளிச் சாதிசனம், வெளிச் சாமி... மொத வருசமே பாரு, சகுனம்" என்றார், எங்களுக்குக் கேட்கிற அளவுக்குக் கவனமாக.

பாண்டீஸ்வரி ஊதிக்கொண்டே இருந்தாள். கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. வீரணன் போன் அடித்தது.

"பெரியவரு. வண்டி எங்கங்கிறாரு. என்ன சொல்ல?"

"இறக்கிக்கிட்டிருக்கேன்னு சொல்லு."

சொல்லிவிட்டு வண்டிக்குப் போனேன். பெட்டிகள் மடிக்காத தட்டையாக, கட்டுக் கட்டாக இருந்தன. உள்பக்கம் எண்ணெய் இறங்காமல் இருக்க மெழுகு பூசிய அட்டை. அந்த அட்டை எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும், மதிய டீக்கு எங்கள் ஆட்கள் அதைத்தான் எரிக்கிறார்கள். தார்ப்பாய்க்கு அடியிலிருந்து பெட்டிக் கட்டு ஒன்றை உருவினேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

மகள் அடுப்பில் நாலைந்தைச் சுருட்டிச் செருகினேன். ஒரே குச்சி. சின்னவரின் கூப்பிய கை முதலில் கறுத்தது. அப்புறம் தாடை. சிரிப்பு மட்டும் கடைசி வரை நின்று, சுருண்டு, குபீரென்று பற்றியது. மெழுகு சடசடத்தது. மேலே இருந்த விறகும் பிடித்துக்கொண்டது.

"மாமா, இங்கயும் குடுங்க!" என்றாள் பக்கத்து அடுப்புப் பெண். கொடுத்தேன். அதற்கு அடுத்தவளுக்கும் கொடுத்தேன். அப்புறம் நான் கொடுக்க வேண்டியிருக்கவில்லை, ஆளாளுக்கு வந்து கட்டோடு அள்ளிக்கொண்டு போனார்கள். சாப்பாட்டுக்கு வாழை இலை போட்டுக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள்.

சின்னவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். பொன்னாடை ஒரு பக்கம் நழுவித் தரையில் இழுபட்டது.

"யோவ், அது நம்ம பெட்டில்ல?"

"ஆமா மொதலாளி."

"அதுல என் படம் இருக்குய்யா!"

"பாத்தேன். எதுக்குன்னுதான் எழுதல. அதனால எதுக்கு வேணாலும் ஆகும்னு எடுத்தேன்."

வீரணன் வாயைப் பொத்திக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனான். சின்னவர் என்னை அங்கேயே அறைந்திருப்பார். ஆனால் சாமியார் பின்னாலேயே வந்துவிட்டார். அவர் ஊருக்குப் புதுசு, நல்ல மனிதர் போலிருக்கிறது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"உங்க அன்பளிப்புதான் இன்னிக்கு அடுப்பே எரிய வச்சிருக்கு சார். ரொம்ப சந்தோசம்" என்று சின்னவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சனம் கை தட்டியது. அத்தனையும் ஓட்டு. சின்னவர் கும்பிட்டார். கீழே அவரே எரிந்துகொண்டிருந்தார், மேலே அவரே கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

தண்ணீர் கொதித்தது. பச்சரிசியை ஒரு கை அள்ளினேன். என் கையில் அட்டைத் தூசி, அழுக்கு, மழைத் தண்ணீர் எல்லாம் இருந்தது. முத்துத்தாய் கழுவச் சொன்னாள். பாண்டீஸ்வரி, "அப்படியே போடுப்பா" என்றாள். போட்டேன்.

பானை பொங்கி வழிந்தபோது ஊரே கத்தியது, பொங்கலோ பொங்கல் என்று. பாண்டீஸ்வரி எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினாள், அந்த அம்மாவின் பக்கம் திரும்பி. சாமியார் சின்னவரையும் கத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். அவர் உதட்டை அசைத்தார். சத்தம் வந்ததா என்று எனக்குத் தெரியாது.

பந்தி போட்டதும் வீரணன் போன் மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை நானே வாங்கிப் பேசினேன்.

"யோவ் சங்கிலி, வண்டி எங்கய்யா?" என்றார் பெரியவர்.

"வண்டி இந்தாக் கெளம்பிரும் மொதலாளி. நான் இலையில உக்காந்துட்டேன்."

"என்னது? இன்னிக்கு லீவு இல்லன்னு சொன்னேன்ல?"

"நீங்கதான மொதலாளி கிறிஸ்துமஸ்னு ஒண்ணு கெடையாதுன்னீங்க. அப்ப இன்னிக்கு நான் லீவு போட்டதா எப்படி ஆகும்? சந்தேகமா இருந்தா தம்பியக் கேளுங்க. எதுத்த இலையில உக்காந்துருக்காரு."

போனை வீரணனிடம் கொடுத்துவிட்டு இலையில் தண்ணீர் தெளித்தேன். சவேரியம்மாள் முதல் கரண்டியை எனக்குப் போட்டுவிட்டுத்தான் சின்னவரிடம் போனார்.